ஒன்பது நிமிட வாளி

ஐந்து மணிக்குப் படிப்பு.
நாலே காலுக்கு எழுந்தால்தான் குழாயில் இடம்.
இரவு பத்தே காலுக்கு விளக்கணையும்.
நடுவில் உள்ள பதினெட்டு மணி நேரத்தையும்
கட்டம் கட்டமாகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.
இயற்பியல் நீலம், வேதியியல் பச்சை,
உயிரியலுக்கு ரோஸ்.
சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம், வரிசையில் நிற்பதும் சேர்த்து.
உடம்புக்கு எந்த நிறமும் ஒதுக்கவில்லை.

ஐப்பசி மாதிரித் தேர்வில்
தசை சுருங்குவதைப் பற்றி நாலு கேள்வி.
நாலும் சரி, பதினாறு மதிப்பெண்.
தாளைக் கொடுக்க எழுந்தேன்,
கெண்டைக்கால் கல்லாய்ப் பிடித்துக்கொண்டது.
ஆக்டினும் மயோசினும் என்னைக் கேட்காமலே
ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன.
பெஞ்சைப் பிடித்தபடி நின்றேன்,
எல்லாரும் போகும்வரை.

ஓடலாம் என்றால்
மைதானம் முழுக்க நாற்பது பள்ளிப் பேருந்து.
மாடிப்படியில் ஓடினால்
யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று
மூன்று கதவு திறக்கும்.
ஜன்னலில் திருச்செங்கோட்டு மலை தெரிகிறது.
ஆயிரத்து இருநூறு படி என்கிறார்கள்.
சீட்டுக் கிடைத்தால் ஏற்றுவதாக அம்மாவின் வேண்டுதல்.
அதுவரை அந்தப் படிகள்
எனக்கு ஒரு எண் மட்டும்.

அப்பா ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில்.
ஞாயிற்றுக்கிழமை ஏழு நிமிடம் பேசலாம்.
"முப்பது ராடு எறக்கீட்டோம் கண்ணு,
அறுநூறடிக்கும் புழுதிதான்."
கால் வலியைச் சொன்னேன்.
"என்ற கூட ஒருநாள் ராடு தூக்கு, எல்லாம் ஓடிப்போயிரும்"
என்று சிரித்தவர்
சிரிப்பை நிறுத்தி,
"நெம்ப வலிக்குதா?" என்றார்.
அதற்குள் அடுத்தவளின் முறை.

மூன்றாம் மாடிக் குழாயில்
தண்ணீர் நூலாய் வரும்.
ஒரு வாளி நிறைய ஒன்பது நிமிடம்.
இத்தனை நாளும் அந்த ஒன்பது நிமிடத்தைச்
சுவரில் சாய்ந்து தூங்கித் தீர்த்திருக்கிறேன்.

ஒருநாள் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்தேன்.
காதைப் பிடிக்காவிட்டால் பின்னால் சாய்கிறது.
முதல் நாள் முப்பதோடு மூச்சு நின்றது.
கார்த்திகைக் கடைசியில் நூற்றிருபது.
எண்ண வேண்டியதுகூட இல்லை.
அடியில் தண்ணீர் தகரமாய்த் தட்டும்,
பாதியில் குரல் தடிக்கும்,
விளிம்பை நெருங்கும்போது கீச்சென்று மேலேறும்.
அப்போது நிறுத்துவேன்.

டார்ச்சோடு வந்தார் வார்டன் வசந்தாமணி.
"எந்த சார் கண்ணு உன்னையத் தோப்புக்கரணம் போடச் சொன்னது?"
"யாருமில்லீங் மிஸ். நானாத்தானுங்."
நம்பவில்லை.
மதியம் அலுவலக அறை, மின்விசிறி, ஒரு வெள்ளைத்தாள்:
நடந்ததை எழுதிக் கொடு.
எழுதினேன்.
வாளி மெதுவாக நிறைகிறது, ஐயா.
ஒரே வரி.

மறுநாள் மூலனூர்க் கவிநிலா,
வாயில் பற்பசை நுரையோடு,
எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்தாள்.
வாரக் கடைசியில் ஆறு குழாய்க்கும் ஆறு பேர்.
ஒருத்தி எழும்போது ஒருத்தி உட்கார்வாள்,
தாளம் சேரவே இல்லை.
சென்னிமலைக்காரி மட்டும்
ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர் சொன்னாள்,
துத்தநாகத்தோடு நிறுத்திக்கொள்வாள்.

என் ஒற்றை வரியை
யாரோ ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.
தை பிறந்ததும் பிளம்பர் வந்தார்.
குழாய்க்குள்ளிருந்து கைப்பிடி கைப்பிடியாய்
உப்புக்கரை சுரண்டிக் கொட்டினார்.
இப்போது வாளிக்கு இரண்டு நிமிடம்.
மிச்சமான ஏழு நிமிடத்துக்குத்
திங்கட்கிழமையே சுவரில் மஞ்சள் கட்டம்:
சூத்திரம் ஒப்பித்தல்.

இருட்டில் வாளியை வைக்கிறேன்.
திருகைக் கால்வாசிதான் திருப்புகிறேன்.
நூல் இறங்குகிறது, தகரம் தட்டுகிறது.
பின்னால் நிற்கிறவள் திட்டுவாள் என்று திரும்பினேன்.
கவிநிலா ஏற்கெனவே
காதைப் பிடித்துவிட்டாள்.